மச்சான் அனுப்பிய கண் மாத்திரை

ஆம்பூர்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

மதிப்பும் பிரியமும் நிறைந்த மச்சான் ஷாஜினுக்கு,

உன் அக்காள் லில்லியின் வீட்டுக்காரன் ஜேக்கப் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் இங்கே நாங்கள் இருவரும் சுகம். மஸ்கட்டில் நீயும் ஃபீபியும் பிள்ளைகளும், நீ வேலை பார்க்கும் மருந்துக் கடையும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். நான் போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் உன் அக்காள் பிடுங்கி மீதியை அவளே பேசிவிடுகிறாள். கடிதத்தைப் பிடுங்கினாலும் என் கையெழுத்து அவளுக்குப் புரியாது என்பதால் இந்த வழி.

போன டிசம்பரில் உன்னிடம் மட்டும் ஒரு ரகசியம் சொன்னேன், நினைவிருக்கும். தோல் கம்பெனியில் முப்பத்தொரு வருஷமாக எனக்கு ஒரே வேலைதான். சாயம் ஏற்றி வரும் தோல்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெளிநாட்டுக்காரன் அனுப்பிய சேம்பிள் துண்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஷேடு வாரியாக அடுக்க வேண்டும். ஒரே பழுப்பில் பதினாலு பழுப்பு காட்டிய கண் இது. அந்தக் கண் கறுப்பு அடுக்கில் இரண்டு நேவி ப்ளூ தோலை வைத்துவிட்டது. மேனேஜர் நவநீதன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "கொஞ்சம் பாத்துக்குங்க சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன். கண்ணுக்கு நல்லதென்று நீ உடனே ஆறு புட்டி கரோட்டினாய்டு மாத்திரை அனுப்பினாய். உன் அன்பை இன்றைக்கும் மெச்சுகிறேன், மேலே படிக்கும்போது அதை மறந்துவிடாதே.

ஜனவரி முதல் தேதி ஆரம்பித்தேன். புட்டியில் எழுதியிருந்தது எறும்பு எழுத்து. கண் தெரியாதவன் சாப்பிடும் மாத்திரைக்குக் கண் தெரிந்தவன்தான் லேபிள் படிக்க வேண்டும்போல. நாளுக்கு ஒன்று என்று எழுதியிருந்ததாம். நானோ சாப்பாட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். அதோடு கேரட்டும் பப்பாளியும் முருங்கைக்கீரையும் தின்று தள்ளினேன். மச்சான், ஐந்து மாதம்! என் அடுக்கிலிருந்து ஒரு தோல் திரும்பி வரவில்லை. நவநீதனே வந்து, "பழைய ஜேக்கப் சார் வந்துட்டாரு" என்று கையைக் குலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, மங்கின கண்ணைக் கர்த்தர் மாத்திரை மூலமாகத் தெளிய வைத்தார் என்று சாட்சியே சொல்லிவிட்டேன். பாட்டுக்குழுவில் மூன்று பேர் உன் விலாசம் கேட்டார்கள்.

சாட்சி சொன்ன பத்தாம் நாள் சோறு போட்டுக்கொண்டிருந்த லில்லி கரண்டியைக் கீழே போட்டாள். "இன்னாங்க இது, கையெல்லாம் மஞ்சளா இருக்கு?" பார்த்தால் உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி எல்லாம் மஞ்சள் கிழங்கு. மறுநாள் கம்பெனியில் நான் தொட்ட டம்ளரை யாரும் தொடவில்லை. எனக்குப் பக்கத்து மேஜையில் இருபது வருஷமாக ஷேடு பார்க்கும் நிசார் அஹமது மட்டும் என் கையைப் பிடித்துப் பார்த்து, "அண்ணே, இது காமாலை. பேஜாரா போயிடும், வண்டியில ஏறுங்க" என்று மோட்டார் சைக்கிளில் என்னை ஆலங்காயத்துக்குக் கொண்டு போனார். அங்கே காமாலைக்குப் பச்சிலை அரைத்துக் கொடுக்கும் பெரியவர் ஒருவர். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு வெள்ள வெளேர்னு கீது. காமாலைன்னா மொதல்ல இங்கதான் மஞ்சள் ஏறும். உனக்கு மருந்து குடுத்தா எனக்குத்தான் பாவம். பெரிய டாக்டர்கிட்ட போ" என்று ஒரு பொட்டலமும் தராமல் அனுப்பிவிட்டார். அந்த மனுஷனை நான் கும்பிட்டேன்.

சாப்பிட்டது கண் மாத்திரை என்பதால் வேலூரில் கண் டாக்டர் பூர்ணிமாவிடம் போனோம். முப்பது வயசுகூட இருக்காது, பொறுமை அறுபது வயசுக்கு. நான், லில்லி, நிசார் மூன்று பேரும் உள்ளே போனோம். என் கண்ணுக்குச் சொட்டு விட்டு, விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உன் புட்டியை வாங்கி லேபிளைப் படித்தார். "நம்ம எல்லார் கண்ணுக்குள்ளயும், விழித்திரை நடுவுல, ஒரு சின்ன மஞ்சள் புள்ளி இருக்கு. கீரை, சோளம், முட்டைக்கரு இதுல இருக்கிற லூட்டினும் ஸியாசாந்தினும்தான் அதுக்கு அந்த நிறத்தைத் தருது. வயசானா அந்த இடம் தேயுற நோய் ஒண்ணு உண்டு. அது ஒரு கட்டத்துல இருக்கிறவங்களுக்கு இந்த ரெண்டும் வேற சில சத்தும் சேர்ந்த மாத்திரை நோயோட வேகத்தைக் குறைக்கும். உங்களுக்கு அந்த நோய் இல்ல. உங்களுக்கு இருக்கிறது புரை. புரையை மாத்திரை கரைக்காது" என்றார். கண்ணுக்குள் இப்படி ஒரு பொட்டை வைத்து அதற்குக் கீரையிலிருந்து சாயம் எடுத்த படைத்தவரை நினைத்து, ஒரு சாயத் தொழிலாளியாக நான் மலைத்துப்போனேன். அடுத்து, "புகை பிடிப்பீங்களா?" என்றார். பீடியை விட்டுவிட்டேன் என்று லில்லியிடம் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. "எப்பவாவது..." என்றேன். "இதுல கேரட்டுக்கு நிறம் தர்ற பீட்டா கரோட்டின் ஜாஸ்தியா இருக்கு. புகை பிடிக்கிறவங்க இதை நிறைய சாப்பிட்டா நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடும். இன்னிக்கே நிறுத்திடுங்க, ரெண்டையும்" என்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் லில்லி பேசாமல் இருந்து நான் பயந்தது அன்றைக்குத்தான். மாத்திரையும் கேரட்டும் அளவுக்கு மீறியதால் தோலில் ஏறிய மஞ்சள் நிறம் தானாக இறங்கிவிடுமாம்.

நான் விடவில்லை. "டாக்டரம்மா, மாத்திரை வேலை செஞ்சுதே! அஞ்சு மாசமா ஒரு தோல்கூட தப்பாகலையே!" என்றேன். டாக்டர், "இந்தப் புரையோட உங்களுக்குக் கருநீலமும் கறுப்பும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றார். அப்போது நிசார் தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, நீங்க மத்தியானம் சாப்பிடப் போனதும் உங்க அடுக்கை நான் மறுபடியும் பிரிச்சு வச்சேன். டெய்லி."

மச்சான், எனக்கு ஒரே அவமானம். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த்தான், "ஏன் பாய் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா நீங்க வேலையை விட்டு நின்னுருப்பீங்க. அப்புறம் நான் யாரோட டீ குடிக்கிறது?" என்றார். ஐந்து மாதம் அந்த மனுஷன் தன் சாப்பாட்டு நேரத்தில் என் மானத்தை அடுக்கி வைத்திருக்கிறார். நானோ அது உன் மாத்திரையின் வேலை என்று சபையில் சாட்சி சொல்லியிருக்கிறேன். நிசாரைப் போல ஒரு கண்ணும் மனசும் பாலாற்றின் இரண்டு கரையிலும் தேடினாலும் கிடைக்காது.

இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டு பிரித்ததும் எதிரில் லில்லி நின்றாள். "இது எப்ப எடுத்த நீலப் புடவை?" என்றேன். "ஒரு வருஷமா இதைத்தான் பச்சைன்னு சொல்லிக்கினு இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஆகாயத்தைப் பார்க்க வேண்டுமே நீ! புதுசாகச் சாயம் ஏற்றியது மாதிரி இருக்கிறது. போன வாரம் வேலைக்குத் திரும்பிவிட்டேன். சபையிலும் சாட்சியைத் திருத்திச் சொல்லிவிட்டேன். அதனால் இனி மாத்திரை அனுப்ப வேண்டாம். அனுப்பத்தான் வேண்டுமென்றால் நிசாருக்கு ஒரு நல்ல அத்தர் அனுப்பு.

ஃபீபிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பின் முத்தங்கள். உங்கள் வாசலுக்கு வருகிற தீமை விலாசம் தெரியாமல் திரும்பிப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் வீட்டுக்காரன்,
ஜேக்கப்

பின்குறிப்பு: ஒட்டிய உறையை மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். நேற்று நிசாரையும் கட்டாயப்படுத்தி டாக்டர் பூர்ணிமாவிடம் கூட்டிப்போனேன். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. என்னுடையதைவிடப் பெரியது. அவருக்கும் கருநீலமும் கறுப்பும் ஒன்றுதானாம். அப்படியானால் என் அடுக்கை எப்படிப் பிரித்தார் என்று இன்று காலை இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் அடுக்குகளை வாங்கிக் கட்டும் பேக்கிங் பிரிவுப் பொண்ணு பூங்குழலி சிரித்துவிட்டது. "சார், நீங்க ஒருவாட்டி கலப்பீங்க, பாய் வந்து இன்னொருவாட்டி கலப்பாரு. அந்த நேவி ப்ளூ வந்த நாள்லேர்ந்து, ரெண்டு பேரும் போன பிறகு நான்தான் பிரிச்சுக் கட்டுறேன்" என்றது. ஏம்மா சொல்லவில்லை என்று கேட்டேன். "பாய் உங்களுக்காக அவ்ளோ ஆசையா பண்ணாரு. அதைப் போயி எப்படி சார் தப்புன்னு சொல்றது?" என்றது. ஆகவே மச்சான், மேலே நிசாரின் கண்ணைப் புகழ்ந்த இடங்களில் எல்லாம் பூங்குழலி என்று மாற்றிப் படித்துக்கொள். மனசைப் புகழ்ந்த இடத்தில் இரண்டு பேரையும் போட்டுக்கொள். நிசாருக்கு வருகிற புதன்கிழமை ஆபரேஷன். நான்தான் கூடப் போகிறேன்.