ஒரு போத்தல் கருப்பநீரும் ஒரு ‘பாப்பமும்’

உடுப்பிட்டிக்குப் போய், ஒரு சட்டம்பியாரிட்டை ஒரு சொல்லு வாங்கிக்கொண்டு வரவேணும். அண்டைக்கு வீட்டிலை எனக்குத் தந்த வேலை அவ்வளவுதான்.

பெரிய சொல்லொண்டும் இல்லை. "ஓம்." அல்லது "இல்லை."

எங்கடை அக்காவுக்கு உடுப்பிட்டியிலை ஒரு இடம் பேசியிருந்தது. மாப்பிளைக்குக் கொழும்பிலை கந்தோர் உத்தியோகம். சாதகம் பொருந்தியிட்டுது. அக்காவும் கோயில் திருவிழாவிலை மாப்பிளையைப் பாத்து, பாக்காத மாதிரி வந்திட்டா. மிச்சம் கிடந்தது மாப்பிளையின்ரை தேப்பனாரின்ரை சம்மதம் ஒண்டுதான்.

அவர் பென்சன் எடுத்த சட்டம்பியார். பள்ளிக்கூடத்தை விட்டாலும் படிப்பிக்கிறதை விடேல்லை. கள்ளுக் குடிக்கக் கூடாதெண்டு ஊரூராய்ப் பிரசங்கம் செய்யிறவர். ஒரு சொட்டுக் கள்ளு ஒரு குடும்பத்தையே தாழ்க்குமெண்டு மேசையிலை அடிச்சுச் சொல்லுவார். அப்பிடிப்பட்ட மனிசன் எங்கடை அக்காவின்ரை விசயத்திலை மட்டும் சொன்னது ஒரே சொல்லு.

"பாப்பம்."

தையிலை கேட்டம். "பாப்பம்." பங்குனியிலை ஆளனுப்பினம். "பாப்பமெண்டு சொல்லுங்கோ."

ஓமெண்டால் பந்தல் போடலாம். இல்லையெண்டால் வேறை இடம் தேடலாம். ‘பாப்பத்’தை வைச்சு என்ன செய்யிறது?

இதுக்குள்ளை அரியாலையிலை இருந்து இன்னொரு இடம் வந்து, இந்தக் கிழமைக்குள்ளை மறுமொழி வேணுமெண்டு நிண்டுது. அக்கா வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் ஆரும் "அரியாலை" எண்டால் குசினிக்குள்ளை ஒரு சட்டி உடைஞ்சுது.

மெய்யைச் சொன்னால், அந்தப் ‘பாப்பத்’தாலை நித்திரை கெட்டது அக்காவில்லை. நான்தான். முகில் இல்லாத நாளிலும் குடை கொண்டு போற சாதி நான். நாளைக்கு என்ன நடக்குமெண்டு இண்டைக்கே தெரியாட்டில் எனக்குச் சோறு இறங்காது. சின்னனிலை அப்பு ஒரு கதை சொல்லுவார். ஒருத்தன் வல்லை வெளியிலை அடிக்கிற காத்தைச் சாக்குக்குள்ளை பிடிச்சுக் கட்டி வீட்டை கொண்டுபோனானாம். வீட்டுக்குள்ளை வைச்சுச் சாக்கு வெடிச்சு, கூரை பறந்திட்டுதாம். மற்றப் பிள்ளையள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சினம். நான் மட்டும், "ஏன் அப்பு அவன் இன்னும் இறுக்கிக் கட்டேல்லை?" எண்டு கேட்டனாம்.

அப்பு அண்டைக்கே கவலைப்பட்டிருக்கவேணும்.

"வெறுங்கையோடை போகாதை," எண்டா அம்மா. "சட்டம்பியாருக்குக் கருப்பநீரெண்டால் உயிராம். எங்கடை வளவுப் பனையிலை இறக்கினதைக் கொண்டு போ."

பனையின்ரை நியாயம் உங்களுக்குத் தெரியும். பாளைச்சாறு சுண்ணாம்பு பூசின மண்முட்டியிலை விழுந்தால் கருப்பநீர். பூசாததிலை விழுந்தால் கள்ளு. ஒரே பனை, ஒரே பாளை. குழந்தைப்பிள்ளை குடிக்கிறதுக்கும் கள்ளுத் தவறணையிலை விக்கிறதுக்கும் நடுவிலை நிக்கிறது அந்தச் சுண்ணாம்பு ஒண்டுதான்.

முதல்நாள் பின்னேரம் பனையடியிலை, மரத்திலை கட்டிறதுக்கு ஆயத்தமாய்ச் சுண்ணாம்பு பூசின முட்டி கிடந்தது. எட்டிப் பாத்தன். சுண்ணாம்பு கூடிப்போச்சோ எண்டு ஒரு பயம் வந்திட்டுது. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகுமெல்லே? சட்டம்பியாரின்ரை வாய் வெந்தால், அந்த வாயாலை "ஓம்" எப்பிடி வரும்?

ஒரு சிரட்டைத் துண்டை எடுத்து ஒரு பக்கத்தைச் சுரண்டினன். மற்றப் பக்கம் கூடின மாதிரிக் கிடந்தது. அதையும் சுரண்டினன். இப்ப முதல் பக்கம் கூடின மாதிரிக் கிடந்தது. இரண்டு பக்கமும் ஒருமாதிரிச் சமனாய் வந்தபோது முட்டிக்குள்ளை சுண்ணாம்பெண்டு சொல்ல ஒரு மங்கல் நிறம்தான் மிஞ்சினது.

எனக்கு நல்ல திருப்தி.

விடிய இறக்கின உடனை இரண்டு போத்தலிலை வாத்தன். முட்டியிலை கொண்டுபோனால் சிந்தும். தக்கையை வைச்சுப் பொல்லாலை தட்டினன். அதுக்கு மேலை கயிறு. கயிறுக்கு மேலை மெழுகுதிரியை உருக்கி ஊத்தினன்.

அக்கா வந்து பாத்தா. "என்ன தம்பி, பாம்பு பிடிச்சோ அடைக்கிறாய்?"

"சிந்தினால் என்ன செய்யிறது?"

"சிந்தினால் சிந்தட்டுமன்."

"உப்பிடிக் கதைக்காதை அக்கா!"

இரண்டு போத்தலையும் பனையோலை உமலுக்குள்ளை வைச்சுத் தந்தவ, உமலின்ரை பிடியை விடேல்லை. "தம்பி… இண்டைக்கும் பாப்பமெண்டால்?"

"ஒண்டுக்கும் யோசியாதை. எல்லாம் நான் பாத்துக்கொள்ளுவன்," எண்டன்.

பாத்துக்கொண்டன்.

பஸ்ஸிலை எனக்குப் பக்கத்திலை ஒரு தடிச்ச மனிசன், வாயிலை சுருட்டு. நான் உமலை மடியிலை வைச்சுக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தன். புத்தூர் தாண்டும் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வல்லை வெளி நடுவிலை வர, ரயர் ஒண்டு காத்துப் போய் பஸ் நிண்டிட்டுது. மரமும் இல்லை, நிழலும் இல்லை. உச்சி வெய்யில். டிரைவர் இறங்கி, குந்தியிருந்து ரயரைக் கழட்டத் தொடங்கினார்.

உமலுக்குள்ளை இருந்து ஒரு சத்தம். "ஙீஈஈ…"

சுருட்டுக்காரர் திரும்பிப் பாத்தார். "தம்பி, உமலுக்குள்ளை என்ன, பூனைக்குட்டியோ?"

"இல்லை அண்ணை. கருப்பநீர்."

"கருப்பநீர் கதைக்குமோ?"

நான் மறுமொழி சொல்ல முன்னம் போத்தல் சொல்லியிட்டுது. படார்!

தக்கை யன்னலாலை பறந்துபோய், குந்தியிருந்த டிரைவரின்ரை முதுகிலை அடிச்சுது. "ஐயோ, மற்ற ரயரும் போச்சடா!" எண்டு கத்திக்கொண்டு அந்த மனிசன் எழும்பி, ஒவ்வொரு ரயராய்த் தட்டிப் பாத்து பஸ்ஸைச் சுத்தி ஓடினார்.

எனக்குத் தலையிலை இருந்து கால் வரைக்கும் நுரை. பிறகு மணம் எழும்பிச்சுது. அந்த மணத்துக்கு ஆரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பஸ் முழுக்க மூக்கை நிமித்திச்சுது.

"உது கள்ளு," எண்டார் சுருட்டுக்காரர்.

"கருப்பநீர்!"

"ஆருக்குக் கொண்டு போறாய்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. ஆரெண்டு சொன்னன்.

பஸ் முழுக்கச் சிரிச்சுது பாருங்கோ! "பிரசங்கம் செய்யிறவருக்கோ! உவருக்கோ!" முன் வாங்கிலை சீலைத் தலைப்பாலை மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு மனிசி திரும்பி, "தம்பி, போத்தல் உடையேல்லைத்தானே? ஒரு சொட்டுத் தாருமன், பாப்பம்," எண்டா.

அந்தப் போத்தலிலை மிஞ்சினதை அவவும் சுருட்டுக்காரரும் பாத்து முடிச்சினம். சுருட்டுக்காரர் வாயைத் துடைச்சுக்கொண்டு சொன்னார்: "மற்றதின்ரை தக்கையையும் கழட்டு தம்பி. காத்துப் போகட்டும்."

"மாட்டன்!"

"ஏன்?"

ஏனெண்டு எனக்குத்தான் தெரியும். திறந்தால் அது கள்ளு. திறவாட்டில் அது கருப்பநீராயும் இருக்கலாமெல்லே?

கயிறும் மெழுகும் வெய்யிலுக்கு இளகிப்போச்சு. இரண்டு பெருவிரலையும் தக்கைக்கு மேலை வைச்சு அமத்தினன். உள்ளை இருந்து அது மேலை தள்ளுது. நான் கீழை தள்ளுறன். வெளியிலை வல்லைக் காத்து ஊளையிடுது. சாக்குக்காரன்ரை வீட்டுக் கூரை கண்ணுக்கு முன்னாலை பறந்துது.

உடுப்பிட்டியிலை இறங்கி, பெருவிரலை எடுக்காமலே நடந்து போனன்.

சட்டம்பியார் விறாந்தையிலை சாய்மனைக் கதிரையிலை இருந்தார். வெள்ளைச் சால்வை, நெற்றி நிறைஞ்ச திருநீறு, வெள்ளை மீசை.

"வாரும் தம்பி. கொக்குவிலிலை இருந்தோ வாறீர்?"

கும்பிடக் கை இல்லை. மாடு மாதிரித் தலையை ஆட்டினன். அவரின்ரை புருவம் ஏறிச்சுது.

அவரின்ரை மனிசி மூக்குப்பேணியிலை தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினா. வாங்கவும் கை இல்லை.

"வேண்டாம் அம்மா."

"ஏன்? எங்கடை வீட்டிலை வாய் நனைக்க மாட்டியளோ?"

சம்பந்தம் பேசப் போன வீட்டிலை தேத்தண்ணியை மறுத்தவன் இந்தக் குடாநாட்டிலை நான் ஒருத்தனாய்த்தான் இருப்பன். "இல்லை அம்மா… விரதம்."

"இண்டைக்கு என்ன விரதம்?" எண்டார் சட்டம்பியார். பஞ்சாங்கம் அவருக்குப் பாடம்.

"அது… நான் தனியாப் பிடிக்கிறது."

"நீர் பிடிக்கிறது போத்தலையெல்லே? உது என்ன?"

"கருப்பநீர், ஐயா."

அந்த முகத்திலை முதல்முதல் ஒரு வெளிச்சம். "தாருமன்!"

"பிறகு தாறன், ஐயா."

"பிறகெண்டால்?"

பதட்டத்திலை வாய் தன்ரைபாட்டிலை கதைச்சுது. "முதலிலை நீங்கள் ஓமெண்டு சொல்லுங்கோ."

சத்தியமாய், வந்த காரியத்தை முதலிலை முடிப்பம் எண்டதுதான் என்ரை நினைப்பு. ஆனால் போத்தலை நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு சொல்லேக்கை அது வேறை மாதிரிக் கேட்டிருக்கும்.

"என்ன!" அவர் நிமிந்து இருந்தார். "ஓமெண்டால்தான் தருவீரோ? உமக்கு இவ்வளவு துணிவோ?"

அக்காவின்ரை கலியாணம் என்ரை கண்ணுக்கு முன்னாலை அரியாலைக்கு வண்டில் ஏறிச்சுது. அவர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு, ஆறுதலாய்ச் சொன்னார்:

"பாப்பம்."

அந்தச் சொல்லு காதிலை விழ, எனக்குள்ளை என்னவோ அவிண்டுபோச்சு. விரல் விறைச்சுப் போச்சு. தோள் கழண்டுபோச்சு. சுண்ணாம்பும் சரிவரேல்லை, தக்கையும் சரிவரேல்லை. நானும் எவ்வளவுக்கெண்டு அமத்திறது? வாறது வரட்டும்.

கையை எடுத்திட்டன்.

தக்கை மேலை போய் ஓட்டிலை அடிச்சு எங்கையோ விழுந்துது. நுரை ஒரு பாளை மாதிரி எழும்பி விரிஞ்சு, சட்டம்பியாரின்ரை தலையிலை இறங்கிச்சுது. திருநீறு கரைஞ்சுது. மீசையிலை இருந்து சொட்டுச் சொட்டாய் வடிஞ்சுது.

எனக்கு ஒரு பயமுமில்லை! வீடு போனாலென்ன, கூரை போனாலென்ன எண்ட மாதிரி ஒரு சுகம். நான் மனிசி பக்கத்திலை வைச்சிட்டுப் போன மூக்குப்பேணியை எடுத்து அண்ணாந்து தேத்தண்ணி குடிச்சன்.

அப்பதான் அது நடந்தது. சட்டம்பியாரின்ரை நாக்கு மெல்ல வெளியிலை வந்து, மீசையை ஒருக்கா நக்கிச்சுது. கண்ணை மூடினார்.

"காலமை இறக்கினது," எண்டார், கனவிலை கதைக்கிற மாதிரி. "வெய்யிலிலை வந்திருக்கு. சுண்ணாம்பு காணாது. ஆனால் பனை நல்ல பனை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் சோக்காய் வந்திருக்கும்."

வாசலிலை நிண்ட மனிசி கேட்டா. "இஞ்சருங்கோ. சோக்காய் வருமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சட்டம்பியார் கண்ணைத் திறந்தார்.

"அது… பிரசங்கத்துக்காகப் படிச்சது."

"நாக்காலையோ படிச்சனீங்கள்?"

அவர் அவவைப் பாத்தார். என்னைப் பாத்தார். படலையைப் பாத்தார். பிறகு ஒரு துள்ளலிலை எழும்பினார்.

"தம்பி! ஆவணியிலை நாள் வைப்பம். ஓம்! ஓமெண்டு போய் வீட்டிலை சொல்லும். தனியாப் போகாதையும், பஸ்ஸடி வரைக்கும் நானும் வாறன்!"

"நில்லுங்கோ, நான் கேட்டதுக்கு மறுமொழி…" எண்டு பின்னாலை ஒரு குரல் கேட்டுது. நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்கை திரும்பியிட்டம்.

பஸ்ஸடியிலை வேறை ஒருத்தரும் இல்லை. சட்டம்பியார் அந்தப் பக்கம் பாத்தார். இந்தப் பக்கம் பாத்தார். சால்வையாலை மீசையை ஒற்றிக்கொண்டு, எனக்குக் கிட்ட வந்து, மெல்லக் கேட்டார்:

"தம்பி… போத்தலிலை ஏதும் மிச்சம் கிடக்கோ?"

நான் போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சு, ஆறுதலாய் ஒருக்கா ஆட்டினன்.

"பாப்பம், ஐயா," எண்டன்.