கறுப்புச் சதுரம்

கம்ப்யூட்டர் திரையில் மகளின் முகம் வரவேண்டிய இடத்தில் வெறும் கறுப்புச் சதுரம் இருந்தது.

"பிளகின் இல்லை, அதான்," என்றார் கணக்கு வாத்தியார். "படம் காட்ட பிரவுசர்ல ஒரு துணுக்கு சேர்க்கணும். சேர்த்தா வந்துடும்."

"பக்கத்து வீட்டுல போய்ப் பார்த்துடலாமே," என்றாள் மனைவி.

பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது விலைக்கு வாங்கிய சிஸ்டம். இவரோ பார்க்கிறவரையெல்லாம் நிறுத்திவைத்து, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டத்தின் புகழ் பாடுகிறவர். லினக்ஸின் சின்னம் பெங்குவின்; பெங்குவின் வாத்தியார் என்றால்தான் தெருவில் தெரியும். தலை போனாலும் அங்கே போகமாட்டார்.

ஆனால் பார்க்காமலும் முடியாது. இணையத் தொலைக்காட்சியெல்லாம் ஒரு வேலையா என்று இவர் கத்தப்போய், மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை. நேற்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்: "நாளைக்கு என் முதல் செய்தி வாசிப்பு. அப்பா பார்த்தா, கோபம் போயிடுச்சுன்னு எடுத்துக்குவேன்."

கோபம் போய் வெகுகாலமாகிவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லத்தான் மனிதருக்கு வரவில்லை.

துணுக்கை இறக்கினார். அது வேறொரு துணுக்கைக் கேட்டது. அதையும் இறக்கினால், அது தன் பங்குக்கு இன்னும் நாலைக் கேட்டது. ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டுக் குடும்பமே வந்து உட்கார்ந்த கதைதான். வந்ததில் ஏதோ ஒன்று சத்தத்தை முழுங்கிவிட்டது.

சத்தத்தை மீட்கப் போனார், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக மாறியது. கட்டங்களைச் சரிசெய்யப் போனார், பிரவுசரே காணாமல் போனது. கடைசியில் அணைத்து மறுபடி போட்டார். திரை மொத்தமும் இருண்டு கிடந்தது.

"முன்னாடி சதுரம் மட்டுந்தாங்க கறுப்பா இருந்துச்சு," என்ற மனைவி, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அவருடைய பட்டன் போன் அடித்தது. மகள்தான்.

விடைத்தாளில் அரை மார்க்கூடச் சும்மா போடாத மனிதர் அவர். போனை எடுத்தார்.

"அப்பா, வந்து..."

"பார்த்தேம்மா," என்றார் அவசரமாக. "அம்மாவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். கண்ணாடி மாதிரி தெரிஞ்சுது. ஒரு எழுத்து பிசகலை உனக்கு. எனக்குக் கோபமெல்லாம் இல்லைடா கண்ணு. எப்பவோ போயிடுச்சு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு போன் கைமாறியது.

"சார், நான் இங்க டெக்னீஷியன். மேடம் ஏன் அழறாங்கன்னு தெரியலை. நாங்க இன்னும் ஒளிபரப்பே ஆரம்பிக்கலை சார். மேடம்தான் 'எங்கப்பா சொல்ற லினக்ஸ்தான் வேணும்'னு சண்டை போட்டு நேத்து எல்லா மெஷினையும் மாத்த வச்சாங்க, இப்போ படம் வரமாட்டேங்குது, அந்த பிளகின் எப்படிப் போடுறதுன்னு உங்களைக் கேட்கத்தான் போன் பண்ணினோம்."