காப்பி அண்ணனும் கஷாயமும்

மனித உடம்புக்குள் இருக்கிற அத்தனை செல்லையும் அடையாளம் தெரிந்து, மதுரைக்குள் நடமாடும் ஒரு மனிதனைக்கூட அடையாளம் தெரியாத ஒரே பிறவி எங்கள் காப்பி அண்ணன்தான்.

பசுமலைப் பக்கம் ஒரு லேபில் இருவரும் வேலை பார்த்தோம். கழுத்தில் நெறி கட்டியவர்களின் சதையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டித் தருவார்கள். அதில் எந்த நோய் எதிர்ப்பு செல், டி செல்லா பி செல்லா, கூடியிருக்கிறது என்று பார்த்துத்தான் டாக்டரம்மா வியாதியைச் சொல்வார். அதற்கு மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று ஒன்றை ஊற்றுவோம். கல்யாண வீட்டில் தாய்மாமனை மட்டும் தேடிப்போய் மாலை போடுகிற ஆள் மாதிரி, அது ஒரே வகை செல்லைத்தான் பிடிக்கும். பிடிபட்ட செல் சாயத்தில் பழுப்பாகும். உடனே அண்ணன் கத்துவார்: "காப்பி வந்துருச்சுடோய்!"

வேலைக்குச் சேர்ந்த அன்று இதைக் கேட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டு போய் நின்றேன். "யாருப்பா நீ?" என்றார். அங்கே இருந்தவரைக்கும் அதையேதான் கேட்டார்.

ஆன்டிபாடி புட்டியிடம் பேசுவார். "ஆத்தா, டி செல்லை மட்டும் பிடி. வந்தவன் போனவனையெல்லாம் சொந்தக்காரன்னு கட்டிப்பிடிச்சிராத." அதுவும் கேட்கும்! அதே புட்டி, அதே சாயம், என் கை பட்டால் மட்டும் ஸ்லைடு முழுக்கக் கருத்துப்போகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "இது காப்பி இல்லப்பா, கஷாயம். மிச்சச் சாயத்தைக் கழுவுனியா, இல்ல தீர்த்தம் தெளிச்சியா?" என்பார். டாக்டரம்மா, "அண்ணன் போட்ட ஸ்லைடைக் கொண்டாங்க" என்பார். எனக்கு வயிறு எரியும்.

அவர்மேல் மட்டுமா? டி செல்மேலும்தான் பொறாமை. அதைப் பெயர் சொல்லிக் கொஞ்சுகிறவர், என்னை கொரியர்காரன் என்று நினைத்து, "எங்கப்பா கையெழுத்துப் போடணும்?" என்று பேனாவோடு வருவார். திருப்பரங்குன்றத்தில் என் கல்யாணத்துக்கு வந்தவர், பக்கத்து மண்டபத்து மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து, "நம்ம லேப் தம்பி" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். முகம் தெரியாத அந்த மாப்பிள்ளைமேலும் இன்றுவரை பொறாமைதான். ஒரே ஒரு தடவை என்னை நானென்று கண்டுகொள்ள மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு, போன மாதம் அதே திருப்பரங்குன்றம் பஸ் ஸ்டாப்பில் மனைவியோடு நின்றார்.

"அண்ணே!"

"யாருப்பா?"

"லேப்ல ஒங்க பக்கத்து சீட்டுண்ணே."

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுபோல ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் மானத்தை விட்டுச் சொன்னேன்: "கஷாயம்ணே."

"அடேய், கஷாயமா!" தோளைப் பிடித்து உலுக்கி, மனைவியிடம் திரும்பினார். "எம்புட்டு ஸ்லைடு குவிஞ்சு கெடந்தாலும் இவன் போட்டதை மட்டும் பார்த்த ஒடனே சொல்லிருவேன்டி!"

வந்த பஸ்ஸை விட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். டி செல்லுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.