லைசென்ஸ் கேட்ட மாப்பிள்ளை

ஆவடிக்கும் அரக்கோணத்துக்கும் நடுவே தக்கை சாரைப் போல நிலைகொள்ளாத மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் இரண்டு பேரும் எங்காவது முட்டிக்கொண்டு, விஷயம் ஊருக்கே தெரிந்திருக்கும். திருநின்றவூரில் நான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்கு அவர்தான் சொந்தக்காரர். கீழே அவரும் அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவும் இருந்தார்கள். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய நிஜப் பெயர் தபால்காரருக்கே மறந்துவிட்டது. "தக்கை சார், போஸ்ட்" என்றுதான் கூப்பிடுவார். தூண்டில் நரம்பில் கட்டின தக்கை தண்ணீரில் சும்மா கிடக்குமா? இவரும் கிடக்க மாட்டார்.

சாப்பிடுவது நடந்துகொண்டே. தட்டைக் கையில் ஏந்தி வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். ஸ்டெல்லா அக்கா குழம்புக் கரண்டியோடு பின்னால் நடப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கம் ஆரம்பித்தால் இவர் கோயிலை வெளியே சுற்ற ஆரம்பித்துவிடுவார். ஆமென் சொல்கிற சமயத்துக்கு மிகச் சரியாக உள்ளே வந்து எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்வார்.

இன்னொரு குணமும் உண்டு. யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்க மாட்டார். ஒரு நாள் ஆபீஸ் முடிந்து வருகிறேன், என் சமையலறை விளக்குக்கான சுவிட்ச் கூடத்துக்கு வந்திருக்கிறது. பூட்டின வீடு சார்! கேட்டால், "அங்க இருந்தா உனுக்கு எட்டாது நைனா" என்றார். நான் ஆறடி உயரம். பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை மின்கம்பியில் படுகிறது என்று அவர்களைக் கேட்காமலே வெட்டித் தள்ளி, அதில் இருந்த காயை அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்து நல்ல பெயர் வேறு வாங்கிக்கொண்டார். எனக்கு வந்த எரிச்சலுக்கு வீட்டைக் காலி பண்ணியிருக்கணும். பண்ணவில்லை. அந்த ஆளோடு ஒரு வாரம் இருந்துவிட்டால் மற்ற வீடெல்லாம் போரடிக்கும்.

அவர் அசையாமல் இருக்கிற ஒரே இடம் ஏரிக்கரை. அங்கேயும் அனுமதி கிடையாது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை வருஷா வருஷம் ஏலத்தில் எடுக்கிற ஒருவர் இருந்தார். ஊரில் அவருக்குப் பெயரே ஏலம். முன்னொரு காலத்தில் ஏலம், "என்னாண்ட சொல்லாம தூண்டில் போடாதே" என்று சொல்லப்போக, தக்கை "ஏரி இன்னா உங்கப்பன் ஊட்டு சொத்தா" என்று கேட்கப்போக, தூண்டில் கழி இரண்டு துண்டானது. அன்றிலிருந்து அந்த ஆள் முகத்தில் விழிப்பதில்லை என்று தக்கை சபதம் போட்டுவிட்டார். ஏலத்தின் கொட்டகை ஏரிக்கு இந்தப் பக்கம் என்றால் தக்கை அந்தப் பக்கம் போய்த் திருட்டுத்தனமாகத் தூண்டில் போடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், ஜெனி. கணினி வேலைக்கு ஜெர்மனி போன பெண் அங்கேயே மத்தியாஸ் என்ற பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, அப்புறம்தான் போனில் சொன்னாள். வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார் மனுஷர். "என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டாளா?" என்று தெருவெல்லாம் கேட்டார். அப்பனை உரித்து வைத்த மாதிரி பெண் பிறந்திருக்கிறது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாடகைக்கு இருக்கிறவன் வாயைத் திறக்க முடியுமா? இரண்டு வருஷம் மகளோடு பேச்சே இல்லை. போன் வந்தால் ஸ்டெல்லா அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவர் பேசி முடிக்கும் வரை கதவுக்குப் பின்னால் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருப்பார். பேசணும் என்று ஆசை கொள்ளை கொள்ளையாக இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

போன டிசம்பரில் ஜெனி கணவனோடு வந்து இறங்கினாள். பத்து நாள் லீவு. தக்கை மருமகனுக்குக் கை கொடுத்தார், மகளைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார், உடனே மோட்டார் பார்க்கக் கொல்லைக்குப் போய்விட்டார். முதல் இரண்டு நாளும் மோட்டாரைத்தான் பார்த்தார். அதில் ஒரு பழுதும் இல்லை.

ஸ்டெல்லா அக்காதான் கெட்டிக்காரி. மாப்பிள்ளை கொண்டுவந்த நீளமான குழாய்க்குள் இருப்பது தூண்டில் என்று தெரிந்ததும், அதை எடுத்து வேண்டுமென்றே கூடத்தின் நடுவில் போட்டார். கொல்லையிலிருந்து வந்த தக்கை அதன்மேல் தடுக்கினார். அப்புறம் ஒரு மணி நேரம் மாமனாரும் மருமகனும் தரையில் முள்ளையும் நரம்பையும் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு பாஷையும் இல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். "இந்த ரெண்டும் ஒரு தரம் ஏரிக்குப் போய் வந்துட்டா போதும், மனுஷன் பொண்ணாண்ட பேசிடுவாரு" என்றார் அக்கா என் காதில். எனக்கும் அப்படித்தான் பட்டது. மறுநாள் காலையில் ஏரி என்று முடிவானது. மாப்பிள்ளையின் இங்கிலீஷை மொழிபெயர்க்க நான்; மகளோடுதான் பேச்சில்லையே.

அப்போதுதான் மத்தியாஸ் அந்தக் கேள்வியைக் கேட்டான். "லைசென்ஸ் எங்கே வாங்க வேண்டும்?"

நான் தமிழில் சொன்னேன். தக்கை என்னைப் பார்த்தார். "நாங்க மீன் புடிக்கப் போறோம்னு அவராண்ட சொல்லு. லாரி ஓட்டப் போகல."

மத்தியாஸ் விடவில்லை. வேறு நாட்டில் போய் அனுமதி இல்லாமல் தூண்டில் போடுவது மகா தப்பு என்றான். எத்தனை சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் மீனைத் திரும்ப விடவேண்டும் என்று கேட்டான். சட்டிக்குள் அடங்கினால் போதும் என்றார் தக்கை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை மீன்? யார் யாருக்குக் குழம்பு கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எந்த மாசத்தில் தடை? சித்திரை, வைகாசி, அப்போது ஏரியில் தண்ணீரே இருக்காது. பையன் எல்லாவற்றையும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு, கடைசியில் மறுபடியும் லைசென்ஸுக்கே வந்து நின்றான். அது இல்லாமல் ஏரிப் பக்கம் வர மாட்டானாம்.

"இன்னாபா, இதுக்குப் போயி" என்று முனகிய தக்கை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆபீஸ் படலம் தொடங்கியது. எனக்கு லீவு போச்சு.

முதல் ஆபீஸில் லைசென்ஸ் என்றதும் கடையா, நாயா என்று கேட்டார்கள். இரண்டும் இல்லை, தூண்டில் என்றோம். கவுன்டரில் இருந்த அம்மா எழுந்து போய் உள்ளே இருந்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்து மத்தியாஸைக் காட்டினார். ஒரு மணி நேரம் போட்டோ எடுத்தார்கள். இரண்டாவது ஆபீஸில் படகு நம்பர் கேட்டார்கள். படகு இல்லை, கரையில் உட்கார்ந்துதான் என்றோம். கரைக்கு அவர்கள் பொறுப்பில்லையாம். இதற்குள் தக்கை அந்த ஆபீஸின் ஆடும் மேசைக்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்து, சத்தம் போட்ட ஃபேனின் மறையை முறுக்கி, ஒரு டியூப் லைட்டையும் எரிய வைத்துவிட்டார். நாங்கள் வெளியே வரும்போது மறுபடியும் எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள்.

இப்படி நாலைந்து நாள். மத்தியாஸுக்குப் பொறுமை மலையளவு. எனக்குத்தான் ஆபீஸிலிருந்து போன் மேல் போன். மூன்றாவது ஆபீஸில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தண்ணி எங்களுது சார். மீன் குத்தகைக்குப் போயிடுச்சு. குத்தகைக்காரர் சரின்னா சரி, அவ்வளவுதான். உள்ளூர்ல யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பாங்களே?"

நான் தக்கையைப் பார்த்தேன். அவர் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடப்பாவி மனுஷா! முதல் நாளே தெரியும் அவருக்கு. ஏலத்தின் முகத்தில் விழிக்கக் கூடாது என்பதற்காக எங்களை ஊர் ஊராக அலைய வைத்திருக்கிறார். மத்தியாஸுக்கோ ஒரே சந்தோஷம். அவன் ஊரிலும் இப்படித்தானாம். சர்க்கார் அட்டை ஒன்று இருக்கணும், அதோடு அந்தந்தத் தண்ணீரைக் குத்தகைக்கு வைத்திருப்பவரிடம் தனியாக அனுமதியும் வாங்கணுமாம். யார் அந்தக் குத்தகைக்காரர், உடனே போவோம் என்றான். தக்கை பஸ்ஸில் திரும்பி வரும்போது நின்றுகொண்டே வந்தார். உட்கார இடம் இருந்தது.

அவர்கள் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள்தான் பாக்கி. சாயங்காலம் மேலே ஏறி வந்தார். என் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டில் நான் குடியேறியதிலிருந்து அவர் கதவைத் தட்டியது அன்றைக்குத்தான்.

"நைனா, ஏலத்தாண்ட போணும். நீயும் வா."

மத்தியாஸோடு நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். ஜெனியும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஏலம் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கூடைக்காரப் பெண்களுக்கு மீன் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தக்கையைப் பார்த்ததும் தராசு அப்படியே நின்றது.

"இன்னா தக்கை, வழி தவறிட்டியா?"

"பர்மிசன் வேணும்" என்றார் தக்கை, மீனைப் பார்த்து.

"யாருக்கு?"

வந்த நாளிலிருந்து தக்கை அந்தப் பையனை அவர், அந்தாளு, ஜெர்மன்காரர் என்றுதான் சொல்லிவந்தார். இப்போது இரண்டு தரம் தொண்டையைச் செருமினார்.

"எம் மாப்பிள்ளைக்கு."

ஜெனி சட்டென்று ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏலம் அவளையும் பார்த்தார், தக்கையையும் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு மாட்டேன்னு சொல்வனா? தாராளமா புடிக்கட்டும். நீ?"

"நான் சும்மா பக்கத்துல குந்திகினு இருப்பேன்."

"நீயா? சும்மாவா?" கூடைக்காரப் பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

என்ன நடக்கிறது என்று மத்தியாஸ் கேட்டான். சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். தான் வந்ததே மாமனாரோடு சேர்ந்து மீன் பிடிக்கத்தான், அவருக்கு அனுமதி இல்லை என்றால் தனக்கும் வேண்டாம் என்றான். நான் அதை அப்படியே தமிழில் போட்டு உடைத்தேன்.

ஏலம் தராசைக் கீழே வைத்தார். பிறகு, "ரெண்டு பேரும் போங்கப்பா. அவங்க ஊருக்குப் போனப்புறமும் நீ வா, தக்கை. வர்றப்போ என்னாண்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு போ. அன்னிக்கும் நான் அதைத்தானே கேட்டேன்" என்றார்.

"சரி" என்றார் தக்கை. அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

மத்தியாஸ் ரசீது கேட்டான். ஏலம் கூடையிலிருந்து துள்ளிக்கொண்டிருந்த ஒரு விராலைத் தூக்கி அவன் கையில் கொடுத்து, இதுதான் ரசீது என்று சொல்லச் சொன்னார்.

மறுநாள் காலையில் கொட்டகை இருக்கும் பக்கமாகவே, பகிரங்கமாக, இரண்டு பேரும் தூண்டில் போட்டு உட்கார்ந்தார்கள். நானும் கூடவே. மீன் ஒன்றும் பெரிதாக மாட்டவில்லை. விரல் நீளத்தில் ஒரு ஜிலேபிக் கெண்டை மாட்டியது. மத்தியாஸ் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு மாமனாரைப் பார்த்தான். தக்கை பெருமூச்சு விட்டு, "வுட்டுரு, வளரட்டும்" என்றார்.

அப்புறம் அவன் தன் ஊர் ஆற்றைப் பற்றிப் பேசினான். அங்கே மீன் பிடிக்கப் பரீட்சை எழுதித் தேறணுமாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சில இடங்களில் பரீட்சை இல்லாமலே கொஞ்ச நாளைக்கு ஒரு லைசென்ஸ் கொடுப்பார்களாம். நான் சொல்லச் சொல்லத் தக்கை கேள்வி மேல் கேள்வி கேட்டார். மண்புழு விடுவாங்களா? எந்த ஆபீஸ்? பாஷை தெரியாதவன் போனால் தருவாங்களா? ஏரி ஆளுக்கு ஆற்று மீன் மேல் என்ன இவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டே மொழிபெயர்த்தேன்.

ஜெனி பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தாள். அப்பாவின் தம்ளரில் ஊற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நகரப் போனாள்.

"ஜெனி" என்றார் தக்கை.

அவள் அப்படியே நின்றாள். அவர் கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"அங்க லைசென்ஸ் வாங்கப் போனா, யார் ஊட்டுக்கு வந்துகீறேன்னு அந்த ஆபீஸ்ல கேப்பாங்க. எம் பொண்ணு ஊட்டுக்குன்னு சொல்லட்டா?"

ஜெனி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு அங்கேயே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "சொல்லுப்பா" என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

மத்தியாஸ் என் தோளைத் தட்டி, அவர் என்ன கேட்டார் என்றான். அந்த மனுஷர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இங்கிலீஷ் ஒன்றும் வரவில்லை. லைசென்ஸ் விஷயமாக ஏதோ கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன்.