பெர்லினுக்குப் போன பூட்ஸ்

அன்பு மகள் டாக்டர் லிபுஷேவுக்கு, அப்பா அலோய்ஸ் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும், முழங்கால் வலியோடு அம்மாவும், கோழிகளும் நலம். நீயும் நலமாக இருப்பாய், என் மேல் கோபமாகவும் இருப்பாய். நீ பட்டம் வாங்குவதைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் வரவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

விடியற்காலையில் பிர்னோவில் பிராக் வழியாகப் போகும் வண்டியைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் உட்காரும் இடத்தில் தெருவில் நடந்த பூட்ஸோடு உட்காரும்படியா நம் வீட்டில் என்னை வளர்த்தார்கள்? கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, அம்மா பையில் வைத்திருந்த கட்டம்போட்ட வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். எதிரே இருந்த ஹோலுபோவா என்ற அம்மாள், "இந்தக் காலத்துலயும் இப்படி ஒரு மனுஷனா!" என்று உருகி, தானும் பையிலிருந்து ஒரு ஜோடி வீட்டுச் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, வறுத்த இறைச்சி டப்பாவைத் திறந்துவிட்டாள். சும்மா வாங்கித் தின்ன முடியுமா? நம் பிளம் சாராயத்தை எடுத்தேன். "எங்க ஊருது இன்னும் காரமா இருக்கும்" என்றாள். விடுவேனா? அந்த வழக்கு முடிவதற்குள் பிராக் வந்துவிட்டது. ஒரு கையில் கேக், ஒரு கையில் பூங்கொத்தோடு குதித்து இறங்கினேன். கதவு மூடி வண்டி நகர்ந்த பிறகுதான் உள்ளங்கால் சில்லிட்டது.

"ஐயா, வண்டியை நிறுத்துங்க, என் பூட்ஸ் போகுது!" என்று கத்தினேன்.

"அது பெர்லின் வண்டி பெரியவரே. பூட்ஸுக்கு டிக்கெட் எடுத்தீங்களா?" என்றான் கொடி பிடித்தவன்.

விழா ஒன்பது மணிக்கு, பூட்ஸ் கடை திறப்பதும் ஒன்பது மணிக்கு. கறுப்புக் கோட்டு, டை, கீழே கட்டம்போட்ட செருப்பு என்று கல் பாவிய தெருவெல்லாம் நடந்து பல்கலைக்கழக வாசலுக்கு வந்தேன். உள்ளே பளிங்குத் தரை, பளபளக்கும் பூட்ஸுகள். டிராக்டர் ரிப்பேர் பார்க்கிறவனுக்குக் கூச்சமாகிவிட்டது மகளே. எட்டு வருஷம் படித்த உன் நாளை என் கால் கெடுக்க வேண்டாம் என்று வாசலோடு திரும்பிவிட்டேன். மன்னித்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் துணை.

பி.கு.: இதை வாசித்த அம்மா, "பெத்த பொண்ணுகிட்டயே புளுகுறீங்களா?" என்று பேனாவை மறுபடி கையில் திணித்துவிட்டாள். நான் உள்ளே வந்தேன். தூணுக்குப் பின்னால் நின்றேன். உன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் கை தட்டி, மண்டபமே திரும்பி முறைத்ததே, அது நான்தான். அந்த வெட்கத்தில்தான் சொல்லாமல் ஓடிவந்தேன். பக்கத்தில் நின்றவர், "யாருய்யா நீ?" என்று சீறினார். "பொண்ணோட அப்பாங்க" என்றேன். அவர் என் காலைப் பார்க்கவே இல்லை. கையைத்தான் பிடித்துக் குலுக்கினார்.