வேலுக்குக் காவலாக ஒரு கைத்துப்பாக்கி

அச்சமுடையவன் ஆயுதம் வாங்கினால் அவனுக்குத் துணிவு வந்துவிடுவதில்லை. அவனுடைய அச்சத்துக்கு ஓர் ஆயுதம் கிடைத்துவிடுகிறது, அவ்வளவே. இந்த மெய்ஞ்ஞானத்தை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. பாரிசில் மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்துக்குப் பின்னால், மின்தூக்கி இல்லாத பழங்கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், வாசற்படியில் நின்றபடி கற்றுக்கொண்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. பகலில் உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவினேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் என் வீட்டில் அடியார்களைக் கூட்டிப் பதிகம் பாடினேன். (எந்தத் தொழிலை நன்றாகச் செய்தேன் என்று கேட்காதீர்கள். பாத்திரங்களிடமிருந்து முறைப்பாடு வந்ததில்லை.) எங்கள் வழிபாட்டின் நடுநாயகமாக இருந்தது ஒரு முழ நீள வெள்ளி வேல். என் மனைவி மங்கையர்க்கரசி அதை யாழ்ப்பாணத்திலிருந்து அரிசி மாத் தகரத்துக்குள் புதைத்துக் கொண்டுவந்திருந்தாள். வழியெங்கும் சாவடிகளில் துப்பாக்கியேந்தியவர்கள் பெட்டிகளைக் கிளறினார்கள், மாவைக் கிளறவில்லை. வந்திறங்கிய அன்று அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “இஞ்சை வெடிச் சத்தம் கேளாதுதானே?” கேளாது என்று உறுதி கூறினேன்.

அந்த ஆண்டு புரட்டாசியில் எங்களுக்குக் கீழ்மாடியில் கதவை உடைத்துத் திருடர்கள் புகுந்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி போயிற்று. இஸ்திரிப் பெட்டி போயிற்று. செய்தி கேட்ட மாத்திரத்தில் அடியார் திருக்கூட்டம் ஓர் அவசரக் கூட்டமாக மாறியது. தலைமை வகித்தவர் பொன்னுத்துரை அண்ணை. ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியின் வடகோடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து, வேட்டைத் துவக்குகளுக்கு அனுமதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர். அந்தத் தகுதியால் எங்கள் நடுவே படைத்தளபதி.

வேல் இனி இந்த வீட்டில் இருப்பது ஆபத்து என்று அவர் தீர்ப்பளித்தார். புறநகரான லா கூர்னெவ்வில் அடியார் ஒருவரின் வீட்டுக்கு இரும்புக் கதவு உண்டு, அங்கே அனுப்பிவிடலாம். சமையலறை வாசலில் நின்றிருந்த மங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். “வேல் போற இடத்துக்கு நானும் போவன், அண்ணை,” என்றாள். அவள் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் நான் நடுங்கினேன். அவள் விளையாட்டுக்குப் பேசுகிறவள் அல்லள். லா கூர்னெவ்விலோ அவளுடைய தமையனும் இருந்தார்.

கூட்டம் கலைந்ததும் பொன்னுத்துரை அண்ணை என்னைப் படிக்கட்டுக்கு அழைத்துச் சென்று மாற்றுவழி ஒன்றை அருளினார். வேல் வீட்டிலேயே இருக்கலாம். ஆனால் அதற்குக் காவலாக வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி இருக்க வேண்டும்.

அஞ்சேல் என்று அபயகரம் காட்டும் பெருமானை அன்றாடம் பாடுகிற வாய் என்னுடையது. (படுக்கப் போகுமுன் கதவுத் தாழ்ப்பாளை மும்முறை இழுத்துப் பார்க்கிற கையும் என்னுடையதே. அதை விடுங்கள்.) சூரனைத் தடிந்த வேலுக்கு ஒரு பாத்திரம் கழுவுகிறவன் துப்பாக்கிக் காவல் கொடுப்பதா? ஈது இறைநம்பிக்கைக்கு இழுக்காகாதா என்று வினவினேன்.

“தம்பி, முருகனே பன்னிரண்டு கையிலையும் ஆயுதம் வச்சுக்கொண்டுதான் நிக்கிறார்,” என்றார் அண்ணை. “உமக்கு ரெண்டு கை. அதிலை ஒண்டிலை ஒண்டு வச்சிருந்தா என்ன குறைஞ்சு போகும்?”

இத்தகைய வலிமை வாய்ந்த சித்தாந்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. உடன்பட்டேன். மங்கைக்குச் சொல்வதில்லை என்றும் முடிவாயிற்று.

மொழிபெயர்ப்புக்குப் புதுச்சேரிக்காரரான முசியே சவரிநாதனை அழைத்துச் சென்றோம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணையின் கடையில் மீன் தகரம் வாங்க வருபவர். சுடுகலன் கடை கார் து லெஸ்த் ரயில் நிலையத்துக்கு அப்பால் ஒரு சந்தில் இருந்தது. உரிமையாளர் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள் கருநாகங்களைப் போல் சுருண்டு கிடந்தன என்று எழுத ஆசைதான். உண்மையில் அவை மிக ஒழுங்காக, விலைச்சீட்டோடு, செருப்புக் கடையில் செருப்புகள் போலத்தான் இருந்தன.

அம்மையார் கேட்டவை யாவும் நியாயமான கேள்விகள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? சுவர் கல்லா, பலகையா? குண்டு திருடனைத் தவறினால் அடுத்த வீட்டில் யார்மேல் படும்? கனமான சுழல் துப்பாக்கி வேண்டுமா, இலேசானது போதுமா? இறுதியாக, சுட வேண்டி வந்தால் சுடுவீர்களா?

நான் நுளம்பைக்கூடக் கைக்குட்டையால் விசிறி வெளியே அனுப்புகிறவன் என்று விடை பகர்ந்தேன். சவரிநாதன் அதை மொழிபெயர்த்தார். அம்மையார் சுழல் துப்பாக்கித் தட்டை மெதுவாக மூடினார்.

எனக்கும் சில கேள்விகள் இருந்தன. பிடியில் பதித்திருப்பது எலும்பா, மரமா? பிராணியின் எலும்பாயின் எங்கள் வீட்டில் நுழையாது. உறை மாட்டுத் தோலா? ஆயின் உறை வேண்டாம், பட்டுத்துணி போதும். சனிக்கிழமை கரிய நிறத்தில் ஒன்றை வாங்குவது உசிதமா? (இந்தக் கேள்வியைச் சவரிநாதன் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.)

அம்மையார் பொறுமையாக ஒரு கைத்துப்பாக்கியை எடுத்து, உள்ளே ஒன்றுமில்லை என்று திறந்து காட்டி, எடை பார்க்கும்படி என்னிடம் நீட்டினார். அந்நேரத்தில் நான் செய்ததை என் மரபின்மேல்தான் சுமத்த வேண்டும். நமக்கு ஒருவர் ஒரு நல்ல பொருளை எடுத்துத் தந்தால், திருநீறாயினும் சரி, புதுப் புத்தகமாயினும் சரி, என்ன செய்வோம்? நான் இரு கைகளாலும் பணிவோடு வாங்கினேன். வாங்கி, குழலின் வாயை முதலில் வலக்கண்ணிலும் பிறகு இடக்கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

அம்மையார் வெளிறிப் போனார். மேசையைச் சுற்றி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பற்றினார். சவரிநாதன் என்ன சொன்னாரோ, அவர் நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வெளியே வந்தபின் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “இது அவங்க மதம், மதாம், சாகிறதுக்கு இல்லன்னு சொன்னேன்,” என்றார்.

அது பிறகு. அதற்கு முன் அம்மையார் ஒரு செய்தியைத் தெரிவித்தார்: மெய்யான கைத்துப்பாக்கிக்குப் பிரெஃபெக்ச்சூர் என்னும் அரச அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நான் பொன்னுத்துரை அண்ணையைப் பார்த்தேன். அண்ணை கூரையைப் பார்த்தார். வதிவிட அட்டைக்காக விடியுமுன் வரிசையில் நின்று, ஒரு முத்திரைக்காக உருகி உருகி நான் வழிபட்ட திருத்தலம் அது. அதே சாளரத்தில் போய், இருக்க இடம் தந்தீர்கள், இனிச் சுடவும் ஒன்று தாருங்கள் என்று விண்ணப்பிப்பதா?

ஆகவே அனுமதி வேண்டாத ஒன்றைப் பெற்றோம். குண்டு இராது, வெற்றுத் தோட்டா, சத்தம் மட்டும் இடிபோல் எழும். திருடன் அதைக் கேட்டே ஓடிவிடுவான் என்றார்கள். பொருளின்றி ஓசை மட்டுமே உள்ள ஆயுதம்! என் பாட்டைக் கேட்டவர்கள் எனக்கு இது மிகப் பொருத்தம் என்றிருப்பார்கள்.

அதைப் பட்டில் சுற்றிச் சுருதிப்பெட்டியின் உறைக்குள் மறைத்தேன். மங்கை அதைத் தொடுவதில்லை. அடுத்த வாரமே ஆயுத பூசை வந்தது. அரிவாள்மணை, கத்தி, தையல் இயந்திரம் யாவும் சந்தனமும் குங்குமமும் பெற்றன. ஓர் உண்மை ஆயுதம் பூசையின்றி இருட்டில் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மங்கை மோதகம் அவித்துக்கொண்டிருந்த வேளையில் அதை வெளியே எடுத்தேன். பொட்டை எங்கே இடுவது? கத்திக்கு முனையில் இடுகிறோம். துப்பாக்கிக்கு முனை அதன் வாய். சாத்திரப்படி சிந்தித்து, பெருவிரலால் சந்தனத்தை வழித்து, வாய் நிறைய அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். தோட்டாவும் உள்ளேதான் இருந்தது. (வெற்றுத் துப்பாக்கிக்குப் பூசை செய்தால் பலன் வருமோ?)

மறுநாள் விசயதசமி. பிற்பகலில் நான் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தபோது கதவில் தடதடவென்று உதை விழுந்தது. கதவின் கண்ணாடித் துளையில் பார்த்தேன். தலையையும் முகத்தையும் மூடிய உருவம். இரு கண்கள் மட்டும் தெரிந்தன. தோளில் ஒரு சாக்கு. மூச்சு புலிபோல் உறுமியது.

“கி?” என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் யார் என்பது அதுதான். பதிலுக்கு ஓர் உறுமல். மீண்டும் ஓர் உதை.

எந்தத் திருடன் நட்டநடுப் பகலில் உதைத்துவிட்டுக் காத்திருப்பான் என்று இன்று கேட்கிறேன். அன்று என் கால்கள் சுருதிப்பெட்டியிடம் ஓடிவிட்டன. பட்டை உதறினேன். வாய் பதிகத்தைத் தொடங்கியது. முதலடியே மறந்து போயிற்று. சங்கிலியை மாட்டியபடி கதவைச் சிறிது திறந்து, குழலை வெளியே நீட்டி, கண்களை இறுக மூடி, விசையை அழுத்தினேன்.

அந்தப் படிக்கட்டில் அப்படியொரு முழக்கம் அதற்குமுன் எழுந்திராது. கண் திறந்தபோது மஞ்சளும் சிவப்புமாக ஒரு புழுதி மேகம். அதனடியில் சாக்கு கிழிந்து நீற்றுப்பூசணி ஒன்று படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. சுவரோடு சரிந்து கிடந்த உருவத்தின் குரங்குத் தொப்பியும் கழுத்துச் சால்வையும் குங்குமத்தால் சிவந்திருந்தன. பற்களுக்கிடையே ஒரு மெத்ரோச் சீட்டு. இரு கையும் சாக்கைப் பிடித்திருந்ததால் சீட்டை வாயில் கவ்வியபடி, பூசைக்குப் பூசணியும் தேங்காயும் சுமந்து வந்த பொன்னுத்துரை அண்ணை.

சீட்டைத் துப்பிவிட்டு அவர் மார்பைத் தடவினார். விரலில் சிவப்பைக் கண்டார். “முருகா, தம்பி என்னைச் சுட்டுப்போட்டான்,” என்றார். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். “உதென்ன, சந்தனம் மணக்குது? மேலோகம் வந்திட்டனோ?”

நான் சிரித்திருக்கலாம். சிரிக்க விடாமல் எனக்குப் பின்னால் ஓர் ஒலி. மங்கை பூசைத் தட்டுக்கடியில் தரையோடு தரையாகக் குனிந்திருந்தாள். வேலை மார்போடு அணைத்து, அதன்மேல் கவிழ்ந்திருந்தாள். வெடிச் சத்தம் கேட்டால் எப்படிக் குனிவது என்பதை அவள் மறந்திருக்கவில்லை. எந்தச் சத்தம் இங்கே கேளாது என்று நான் உறுதி சொன்னேனோ, அதை அவளுடைய வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தவன் நான்.

அவள் எழுந்தாள். என் கையிலிருந்ததைப் பார்த்தாள். வேலோடு நடந்து வந்து, சங்கிலியைக் கழற்றிக் கதவை விரியத் திறந்தாள். அதே கணத்தில் கீழ்மாடிகளிலிருந்து அண்டை வீட்டார் ஓடிவந்து படியில் நின்றார்கள். அவர்கள் கண்டது: தரையில் செந்நிறத்தில் தோய்ந்த முகமூடி மனிதர், கையில் துப்பாக்கியோடு நடுங்கும் ஓர் ஆண், இருவருக்கும் நடுவே, ஈட்டியேந்தி நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வந்த வழியே இறங்கிப் போனார்கள்.

மங்கை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை ஆண்டுகளில் மறந்திருப்பேன். “இஞ்சேருங்கோ, வேலை இனி நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றாள். “நீங்கள் பாடுங்கோ.”

பிறகு அண்ணையின் பக்கம் திரும்பினாள். “அண்ணை, வேல் எங்கை இருக்கிறது?”

அண்ணை ஒரு கையால் சுவரைப் பிடித்து எழுந்தார். “இஞ்சையே இருக்கட்டும், தங்கச்சி. உம்மட்டை வந்து ஆர் எடுக்கப் போறான்?”

துப்பாக்கியை என்ன செய்வது என்பதில் மட்டும் சிறு சாத்திரச் சிக்கல் எழுந்தது. பூசை கண்ட பொருளைக் குப்பையில் எறியலாகாது, நீரில்தான் விட வேண்டும் என்று நானும் அண்ணையும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். பூவும் கர்ப்பூரமும் எடுத்துக்கொண்டு சேன் நதிக்குப் புறப்பட இருந்தவர்களை அண்ணையின் கடை வாசலில் சவரிநாதன் மறித்தார். “ஏன் முசியே, சுட்டுட்டு ஆத்துல போடறது கொலைகாரன் பண்ற வேல இல்ல?” என்று கேட்டு, பொட்டலத்தைப் பிடுங்கி அந்த அம்மையாரிடமே சேர்ப்பித்தார். அம்மையார் குழலுக்குள் பார்த்துவிட்டு, இதுவும் மதமா என்று கேட்டாராம்.

அதன்பின் அந்தக் கட்டடத்தில் எல்லா மாடிகளிலும் திருடர் வந்ததுண்டு, எங்கள் மாடியைத் தவிர. மூன்றாம் மாடியில் ஈட்டிக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி பரவியிருந்தது போலும். படியில் மங்கையைக் கண்டால் பெரிய பெரிய ஆட்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் அவளுக்குப் பின்னால் அரிசிப் பையோடு ஏறுவேன்.

இங்கேயே பிறந்த எங்கள் மகளுக்கும், அவள் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பதிகம் ஒன்றும் மனப்பாடம் இல்லை. மங்கை அன்று சொன்னது மட்டும் மனப்பாடம். கதவு தட்டப்படுகிறது, மின்விளக்கு அணைகிறது, வரிக் காகிதம் வருகிறது. எது நேர்ந்தாலும் நான் நாற்காலியிலிருந்து எழ முயன்றால் போதும். “ஷாந்த், பப்பி,” என்கிறாள் பேத்தி. பாடுங்கள் தாத்தா என்று பொருள். மங்கை கதவைத் திறக்கப் போகிறாள்.

நான் பாடுகிறேன். இப்போதெல்லாம் முதலடி மறப்பதில்லை.