நின்றபடி ஓட்டிய விமானம்

பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியில் கை வைத்த நேரத்தில், மாடியில் போன மாதம் குடிவந்த, தமிழ் நன்றாகப் பேசும் வெள்ளைக்காரர் வால்டர், வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கி வந்தார்.

"ராமதாஸ், நீங்க பைலட்டாமே! சொல்லவே இல்லையே? நானும் பைலட்!"

ராமதாஸ் வாயருகே கொண்டுபோன கேசரியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

செங்கம் ரோட்டில் அவர் வீடு 'பைலட் வீடு'. மெட்ராஸில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவரை யாரோ முதலில் அப்படிக் கூப்பிட்டபோது, மறுக்க வெட்கமாக இருந்தது. போகப்போக அந்த வெட்கமும் மறந்துபோனது.

மகள் எழிலுக்கு இது நாலாவது வரன். முந்தைய மூன்றும் "பெரிய இடம், நமக்குக் கட்டாது" என்று போய்விட்டன. ஏனென்று ராமதாஸுக்கு இன்றுவரை புரியவில்லை. இந்த மாப்பிள்ளை புகழேந்தியை எழிலுக்கே பிடித்திருந்தது. அவன் அப்பா அப்பாதுரைக்குக் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை எனும் நிலக்கடலை விவசாயம். மனிதர் வந்ததிலிருந்து நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

வால்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "பழைய விமானம்லாம் வாலைத் தரையில வெச்சுத்தானே நிக்கும்? டைகர் மாத், புஷ்பக், ரெண்டுல எதை எறக்குறது கஷ்டம்?"

இது ராமதாஸுக்குத் தெரிந்த விஷயம்.

"டைகர் மாத் கெழட்டு எருதுங்க. பிரேக்கே கெடையாது, அதுவா நின்னாத்தான் உண்டு. புஷ்பக் புது மாப்பிள்ளை. தரையைத் தொடும், எகிறும், மறுபடி தொடும். ஒழுங்கா உக்கார நாலு தடவை சொல்லணும்."

புகழேந்தி அவசரமாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"சபாஷ்!" என்றார் வால்டர். "பக்கவாட்டுல காத்து அடிச்சா?"

"வாலு, 'நான்தான் முன்னால போவேன்'னு கெளம்பிடும். ஒரே சுத்து. வந்த வழியையே பாத்துக்கிட்டு நிக்கும்."

அப்பாதுரை வாயைப் பிளந்தார். ராமதாஸ் மீசையைத் தடவிக்கொண்டார். அங்கேதான் சனி பிடித்தது.

"எறங்கறப்போ உள்ள இருந்து பாத்தா ரன்வே எப்படித் தெரியும்?"

"கண்ணாடி மாதிரி தெரியும்! எதிர்ல நிக்கிறவன் மீசை வரைக்கும்!"

வால்டர் நெற்றியைச் சுருக்கினார். "மூக்குத் தூக்கிட்டு நிக்குமே, மறைக்காது?"

"அது... நான் எழுந்து நின்னு ஓட்டுவேன்."

"நின்னுக்கிட்டா?" என்றார் அப்பாதுரை.

"உக்காந்து ஓட்டுறதெல்லாம் கத்துக்குட்டிங்க."

"டைகர் மாத்துக்குக் கூரை கெடையாது, நிக்கலாம். புஷ்பக்ல கூரை இருக்கே?" என்றார் வால்டர்.

ராமதாஸ் தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். உதவி ஒன்றும் வரவில்லை.

"குனிஞ்சுக்குவேன்."

புகழேந்திக்குப் புரையேறியது. அப்பாதுரை துண்டை உதறி எழுந்தார். "சரிங்க பைலட் சார், வீட்ல கலந்துக்கிட்டு சொல்லி அனுப்புறோம்."

அந்த வாக்கியத்தை ராமதாஸ் மூன்று முறை கேட்டிருக்கிறார். சமையலறைக் கதவோரம் எழிலின் முகம் வாடுவது தெரிந்தது.

"உக்காருங்கய்யா. நான் பைலட் இல்ல. விமானம் எறங்குனதும் ஓடிப்போய் வாலைத் தூக்கித் திருப்பி ஷெட்டுக்குள்ள தள்ளுறவன். பதினெட்டு வருஷமும் பின்னால இருந்து பாத்ததுதான். எம்பொண்ணுக்குப் பொய் வராதுங்க. வீட்டுக்கு வேண்டிய பொய்யெல்லாம் நானே சொல்லிட்டேன்."

அப்பாதுரை உட்கார்ந்தார், இந்த முறை நாற்காலி நிறைய.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? பைலட் வீட்டுப் பொண்ணு நம்ம வீட்டுல மல்லாட்டை உரிக்குமான்னு ஒரு வாரமா சோறு எறங்கல. நீங்க விமானத்து வாலு, நான் மாட்டு வாலு. கேசரி இன்னும் கொஞ்சம் வெக்கச் சொல்லுங்க, சம்பந்தி!"

ராமதாஸின் மனைவி ஜோதியம்மாள் ஒன்றுமே நடக்காதவள் போலக் கேசரியோடு வந்தாள். வால்டர் தட்டை நீட்டினார்.

"ஜோதியம்மா, ஏழு கேள்வி கேக்கச் சொன்னீங்க. அஞ்சுலயே உண்மை வந்துடுச்சு. பாக்கி ரெண்டும் வேணுமா?"